நிழல் இல்லாத கேப்டன்

மூன்றாம் தேதி, வெள்ளி

லிஃப்ட் எஞ்சினியர் அவர்களுக்கு,

நேற்று ஹோட்டலில் இரண்டு குடும்பமும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, "என்ன படிப்பீங்க?" என்று கேட்டீர்கள். "நாவல், கட்டுரை, எது கிடைச்சாலும்" என்றேன். பொய் இல்லை. ஆனால் நான் சொல்லாமல் விட்டது இது: எனக்கு உலகத்திலேயே பிடித்தது ஒரு காமிக்ஸ். மொத்தம் இருபத்திரண்டு பாகம். உங்கள் பெரியம்மா அப்போதுதான் என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்து, "படிச்ச களை தெரியுது" என்று மெச்சினார். அதன் பிறகு காமிக்ஸ் என்று சொல்ல வாய் வரவில்லை.

போனில் எனக்குப் பேச்சு வராது. முதல் பாகத்தோடு இதை வைத்து அனுப்புகிறேன்.

சூரியன் அணைந்துகொண்டிருக்கும் உலகம். விண்கலங்கள் மனிதர்களின் நிழலை எரித்து ஓடுகின்றன. ஊரைக் காப்பாற்ற, அப்படி ஒரு கப்பலின் சமையற்காரி தன் நிழலைக் கொடுத்துக் கேப்டன் ஆகிறாள். அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் அவளுக்கு நிழல் கிடையாது. நான் பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்பு பார்ப்பவள். தப்பு தேடுவதுதான் பிழைப்பு. விளக்கடியில், மந்திரவாதிகளின் போரில், மூன்று நிலா வெளிச்சத்தில், எங்கேயாவது ஓவியர் மறந்திருப்பாரா என்று தேடினேன். இல்லவே இல்லை! அவள் எதை இழந்தாள் என்று ஒரு வசனமும் சொல்வதில்லை. நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சம்பந்தத்துக்கு மாதக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்கிறார்கள். இதை அலமாரிக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் வாழ என்னால் முடியாது. படித்துவிட்டு உண்மையைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஹோட்டலில் பாதி பேசியவள்

பத்தாம் தேதி

மெய்ப்பு பார்ப்பவருக்கு,

ஆஸ்பத்திரி லிஃப்டின் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன். கீழேயிருந்து மெக்கானிக், "சார், தூங்கிட்டீங்களா?" என்று கத்தினார். "இருங்க, கப்பல் கிளம்புது" என்றேன். "எந்தக் கப்பல் சார்?"

ஆனால் கடைசி இரண்டு பக்கம்! கிழட்டு மாலுமி கப்பலின் கதவில் தொங்குகிறார். கேப்டன் அவர் கையை உதறுகிறாள். அவர் கண்மூடிக் கிடக்கிறார். அடுத்த பக்கத்தில் பிணத்தின் இடுப்பில் கயிறு கட்டுகிறாள், இழுக்கிறாள், சிரிக்கிறாள். இவளையா உங்களுக்குப் பிடித்திருக்கிறது? கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

லிஃப்ட்காரன்

பதினான்காம் தேதி

லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "கொஞ்சம் யோசிக்க வேண்டும்" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பிறகு என்னிடம் இருந்த இன்னொரு பிரதியை ஆபீஸுக்கு எடுத்துப் போய் அந்தப் பக்கங்களைப் புரட்டினேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜை அக்கா, "பாடப்புத்தகத்துல அப்படி என்னம்மா ஜோக்கு?" என்றார்.

ஐயா, நீங்கள் இடது பக்கத்தில் மேலிருந்து கீழே இறங்கி, பிறகு வலது பக்கத்தில் ஏறி, மறுபடி இறங்கியிருக்கிறீர்கள். தொழில் புத்தி! அங்கே படங்களின் வரிசை இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே ஓடுகிறது. ஒவ்வொரு வரிசையிலும் நடு மடிப்பைத் தாண்டிப் போங்கள். மாலுமி தொங்குகிறார், அவள் அவர் இடுப்பில் கயிறு கட்டுகிறாள். கையை விடுகிறாள், கயிற்றைப் பிடித்து அவரை மேலே இழுக்கிறாள். அவர் களைத்துக் கிடக்கிறார். அவள் சிரிக்கிறாள், பிழைத்துவிட்டாரே என்று!

அதே ஆறு படங்கள்தான். இப்போது சொல்லுங்கள், எனக்கு ஏன் பைத்தியம் பிடிக்காது?

கொலைகாரியின் தோழி

இருபதாம் தேதி

தோழிக்கு,

குறுக்கே படித்தேன். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்! மெக்கானிக்கிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன். அவரும் நேராகக் கீழேதான் இறங்கினார். "அடப்பாவி, கொன்னுட்டாளே!" என்றார். அன்றைக்கு வேலை ஓடவில்லை.

அம்மா, "பொண்ணு என்னடா எழுதியிருக்கு?" என்று கேட்டார். "எனக்குப் படிக்கவே தெரியலையாம், அம்மா" என்றேன். "சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார்.

மீதி இருபத்தோரு பாகங்களையும் உடனே அனுப்புங்கள். என் பதில் சம்மதம். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள் லிஃப்ட்காரன்

இருபத்து நான்காம் தேதி

உங்களுக்கு,

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறைக்குப் போய் அம்மாவிடம் சரி என்றேன். "எதைப் பார்த்து சரிங்கறே?" என்றாள். சொன்னால் புரியாது என்று சிரித்தேன்.

மத்தியானம் அப்பா உங்கள் வீட்டுக்குப் போன் செய்து சம்மதம் சொல்லிவிட்டார்.