ஒரு கோடியே ஒன்று

அன்பு மனைவிக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

இங்கே ஒரு சிரிப்புக் கதை. நேற்று வகுப்பில், ஒரு கோடியே ஒன்று பகா எண் என்று பலகையில் பெரிதாக எழுதினேன். ஒரு மாணவி எழுந்து, "சார், பதினொண்ணால போகுதே!" என்றாள். வகுத்தேன். ஒன்பது லட்சத்து ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றொன்று, மீதியே இல்லை. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

நான் கிளம்பிய அன்று நீயும் இதையே சொன்னாய். "ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டிப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒண்ணுதாங்க வருது, அப்ப பதினொண்ணால போகும்." அதற்கு நான், "ஒன்பதாவதோட நின்னவ எனக்குக் கணக்கு சொல்றியா?" என்று என் அண்ணன் முன்னால் உன் வாயை அடைத்தேன். நீ போய் என் பெட்டியைக் கட்டினாய்.

நேற்றாவது, என் மனைவி முன்பே சொன்னாள் என்று வகுப்பில் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

ஏழாலும் பதின்மூன்றாலும் போகுமா என்று பார்க்கவும் வழி வைத்திருக்கிறாயா? நான்கு பக்கமாவது எழுது. இங்கே சாயங்காலம் பேச ஆளில்லை. ஊசி நூலும் அனுப்பு.

இந்தக் கடிதத்தை அண்ணன் காதில் விழும்படி உரக்கப் படி. வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

உன் கணவன்