காய்ச்சல் விட்டதும் வந்த வேன்

மாதா துணை
விழுப்புரம்

கோவமா இருக்கிற ஜெயம் அண்ணிக்கு, உங்க தம்பி பொண்டாட்டி ரோஜா கும்பிட்டு எழுதறது. திண்டிவனத்துல அண்ணனும் புள்ளைங்களும் சௌக்கியமா இருப்பாங்கன்னு நம்பறேன். நீங்க சௌக்கியமான்னு கேக்கத்தான் பயமா இருக்குது. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறீங்க. அதான் உங்க தெரு சீனுவாசன் கிட்ட இதைக் குடுத்தனுப்பறேன். கிழிச்சிப் போடறதா இருந்தாலும் படிச்சிட்டுக் கிழிங்க.

முதல்ல நல்ல சேதி. உங்க தம்பிக்குக் காய்ச்சல் திரும்ப வரல. மூச்சு விட வாயில வெச்சிருந்த குழாயை எடுத்துட்டாங்க. பிரஷர் எறங்காம இருக்க ஏத்திக்கினு இருந்த மருந்தையும் நிறுத்திட்டாங்க. நேத்து கேப்பைக் கூழ் வேணும்னாரு. கூழுக்கு நான் எங்க போவேன்? அரிசிக் கஞ்சி குடுத்தாங்க, மூஞ்சியச் சுளிச்சாரு. அந்தச் சுளிப்பைப் பாத்துதான் எனக்கு உசுரே வந்துச்சி.

இப்ப நம்ம சண்டைக்கு வர்றேன். காய்ச்சல் விட்டுடுச்சின்னு கேட்டதும் வேன் புடிச்சி, பாதித் தெருவை ஏத்திக்கினு, நாட்டுக்கோழி ரசத்தோட ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க. நான் ஐ.சி.யூ. வாசல்லயே மறிச்சேன். நீ மட்டும் உள்ள போவலாம், என் தம்பிய எனக்குக் காட்ட மாட்டியாடின்னு நீங்க போட்ட சத்தம் பூக்கடை வரைக்கும் கேட்டுச்சி. அந்தப் பூக்காரம்மா இன்னும் என்னை மொறைக்குது.

கரும்பு வெட்டறப்ப கால்ல பட்ட காயத்துல கிருமி பூந்து ரத்தத்துல கலந்தது உங்களுக்குத் தெரியும். ஆனா கிருமியவிட, அதை எதுத்து உடம்பு போட்ட சண்டைதான் அவரை அதிகமா சாய்ச்சிடுச்சின்னு டாக்டர் இசைவாணி சொன்னாங்க. திருடனைத் துரத்தின நாய் வெறி புடிச்சி வீட்டு ஆளுங்களையே கடிச்ச மாதிரி. அதுலதான் கிட்னியும் நுரையீரலும் அடி வாங்குச்சி. இப்ப அந்த நாய் அசந்து கெடக்குது, புதுசா கிருமி வந்தா எதுக்க உடம்புல தெம்பில்ல, பூனை பூந்தாகூடத் தலையத் தூக்காது. வெறியும் அசதியும் ஆரம்பத்துலருந்தே கலந்துதான் இருக்குமாம், ஆனா வெறி அடங்கினப்புறமும் அசதி ரொம்ப நாள் நிக்குமாம். நாம பொழைச்சிட்டாருன்னு கொண்டாடறோம். அவங்க, இப்பதான் ஜாக்கிரதையா இருக்கணும், நமக்கு சும்மா வந்து போற சளிகூட இவருக்கு ஆவாதுன்றாங்க.

நீங்க இருமிக்கினே எறங்கினீங்க அண்ணி. அத்தினி பேர் எதிர்ல, உங்க இருமல் உங்க தம்பிக்கு ஆபத்துன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதான் யாரையும் விடலன்னு மொட்டையா சொல்லிட்டேன்.

கண்ணு முழிச்சதும் அவரு யாரைக் கேட்டாருன்னு நெனைக்கறீங்க? அக்கா எங்கன்னாரு. ராப்பகலா காத்துக் கெடக்கறவ நான்! எரிச்சலா வந்துச்சி. தாயில்லாத புள்ளையத் தூக்கி வளத்தவங்களாச்சேன்னு அப்புறம் ஆறிப்போச்சி. அக்கா வந்தாங்க, நான்தான் உள்ள விடலன்னேன். கதவை ஒடைக்காமலா அக்கா போச்சின்னு கேட்டு சிரிக்கறாரு. சிரிக்கறாரு அண்ணி!

சீக்கிரம் வார்டுக்கு மாத்தறோம்னு சொல்லியிருக்காங்க. அங்கயும் ஒருத்தருக்குத்தான் அனுமதி. நீங்க ஜல்தியா டாக்டரைப் பாத்து இருமலுக்கு மருந்து சாப்புடுங்க. நல்லா நின்னப்புறம் வாங்க. அன்னிக்கி உள்ள போறது நீங்க, வெளிய நிக்கறது நான். கையக் கழுவிக்கினு, மாஸ்க் போட்டுக்கினு, அவரு நெத்தியில சிலுவை போட்டு விடுங்க.

அப்புறம் வெளிய வந்து, ஆசை தீர என்னைத் திட்டுங்க. கண்டிப்பா திட்டணும் அண்ணி. இங்க என்னைத் திட்டக்கூட ஒரு ஆளில்ல.

உங்க
ரோஜா