உங்கள் படலையில் நிற்காத சுருவம்

என்ரை றெஜினா அக்காவுக்கு,

வேலிக்கு இந்தப் பக்கத்தில் இருந்து பிலோ எழுதுகிறேன். போன மார்கழியில் உங்களைச் சேமக்காலைக் குழியில் வைத்துவிட்டு வந்த நாளில் இருந்து ஒன்றை மனதுக்குள் அடக்கி வைத்திருந்தேன். இனி முடியாது. அக்கா, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

ஞாயிறு பூசை முடிய, கோயில் வாசலில் பெரிய பதாகை கட்டினார்கள். ‘அயலவரைத் தேடிச் செல்வோம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. எல்லாரும் போட மஞ்சள் ரீசேட்டும் வரப்போகிறதாம். பிறமதத்தவர் வீடுகளுக்குப் போய், சுகம் விசாரித்து, ஒரு கேக்கும் கொடுத்துவிட்டு வரவேண்டுமாம். நல்ல விசயம்தானே என்று நானும் கூட்டத்தில் போய் இருந்தேன். பெயர் எழுதுகிற வேலையை வழக்கம்போல என் தலையில் கட்டினார்கள்.

எங்கள் பகுதிச் செபக் குழுவான அன்பியத்தின் தலைவி முதல் வீட்டைச் சொன்னார்.

“றெஜினாவின்ரை வீட்டைப் போடுங்கோ, பிலோமினா. அவவின்ரை புருசன், அந்தாள் சைவம்தானே. இப்ப தனியவும் இருக்கிறார். முதல் வீடா அது நல்லாயிருக்கும்.”

நான் பேனையை நிறுத்திவிட்டேன். நீங்கள் உயிரோடு இருந்த காலம் முழுக்க மாதாவின் சிலையை, அந்தச் சுருவத்தை, உங்கள் வீட்டுக்குக் கொண்டு வராததற்கு இவர்கள் சொன்ன காரணம் என்ன? அந்தாள் சைவம். இன்றைக்கு முதல் வீடாகப் போவதற்குச் சொல்கிற காரணம் என்ன? அந்தாள் சைவம்! நீங்கள் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்தானை மதம் மாறச் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை. கோயிலில் தாலி கட்டாமல் பதிவுக் கந்தோர் எழுத்தோடு கலியாணம் முடிந்தது. அதற்காக ஒவ்வொரு ஐப்பசியும், செபமாலை மாதத்தில் சுருவம் வீடு வீடாகப் போகையில், என் வீட்டில் இருந்து புறப்பட்டு உங்கள் வாசல் படலையைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனது. ஆனால் சுருவத்துக்குப் பூ மட்டும் உங்கள் முற்றத்துப் பூ. கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்றுவிட்டு வந்து, களைப்போடு களைப்பாக அத்தான் தண்ணீர் விட்டு வளர்த்த மல்லிகை. அதைப் பை பையாக ஆய்ந்துகொண்டு போக ஒருவருக்கும் கூச்சமில்லை.

போன வருசத்தை நான் மறக்கவில்லை. நோய் வருத்தத்தோடு நீங்கள் படலையடியில் கதிரை போட்டு, மெழுகுதிரியோடு இருந்தீர்கள். அத்தான் மடித்த சாரத்தின் சண்டிக்கட்டை மரியாதையாக அவிழ்த்து இறக்கிவிட்டு உங்கள் பின்னால் நின்றார். சுருவம் என் கையில்.

“பிலோ, ஒருக்கா நில்லடி. ஒரு நிமிசம் கும்பிட்டிட்டு விடுறன்.”

பின்னால் இருந்து தலைவி சொன்னார்: “நடவுங்கோ, நடவுங்கோ, நேரமாகுது.”

நான் நடந்தேன். என்ன மனுசி நான்? உங்கள் குசினியில் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பேன்? அந்த நன்றிகூட இல்லாமல் போய்விட்டதே.

இரண்டு மாதத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். செத்த வீட்டுக்கு எல்லாரும் வந்தார்கள், வெள்ளைச் சீலையோடு, செபப் புத்தகத்தோடு. அன்றைக்கு உங்கள் படலையைத் திறக்க ஒருவருக்கும் ஒரு தடையும் இருக்கவில்லை.

கூட்டத்தில் பேனையை மேசையில் எறிந்துவிட்டுக் கேட்டேன்.

“அக்கா நில்லெண்டு கேக்கேக்கை போகாத வீட்டுக்கு இப்ப கேக்கோடை போறியளோ? வெக்கமில்லையோ?”

“பழசைக் கிளறாதையுங்கோ, பிலோமினா. இது பாதரின்ரை திட்டம்.”

“பாதர் நேற்று வந்தவர். நீங்களும் நானும் நேற்றோ வந்தனாங்கள்?”

அதோடு எழும்பி நேரே உங்கள் வீட்டுக்கு வந்தேன். அத்தான் மல்லிகைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வாளியை வைத்துவிட்டுச் சொன்னார்:

“என்னைத் தேடி ஒருத்தரும் வர வேண்டாம், பிள்ளை. எனக்குப் பிள்ளையார் இருக்கிறார். அவவுக்குத்தான் ஆசை இருந்தது. போடுறதெண்டால் அவவின்ரை பேரைப் போடுங்கோ.”

பிறகு, சத்தம் உயர்த்தாமல்: “கேக்கிறன் எண்டு குறை நினையாதையுங்கோ. அண்டைக்குச் சுருவம் உங்கடை கையிலைதானே இருந்தது?”

அக்கா, தலைவியிடம் அவ்வளவு கத்தின நான் அத்தானுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

அன்று பின்னேரமே சுருவம் போகிற வீடுகளின் ஐப்பசிப் பட்டியலை எடுத்து, என் பெயருக்குக் கீழே உங்கள் பெயரை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “செத்த ஆளின்ரை பேரிலை வீடு போடேலாது” என்றார் தலைவி. “அப்ப என்ரை பேரையும் வெட்டுங்கோ” என்றேன். இன்னும் வெட்டவில்லை. உங்கள் பெயரை வெட்டினார்களோ தெரியாது.

வெட்டட்டும். இன்னும் மூன்று கிழமையில் ஐப்பசி. என் வீட்டில் இருந்து வெளிக்கிடும்போது சுருவம் என் கையில்தான் இருக்கும். உங்கள் படலையடியில் நான் நிற்பேன். நேரமாகுது என்று பின்னால் யார் கத்தினாலும் நிற்பேன். அத்தான் வந்து படலையைத் திறந்தால் உள்ளே கொண்டு வருவேன். திறக்காவிட்டால் வெளியில், றோட்டில், சுருவத்தோடு நிற்பேன். அவர் திறக்காமல் விட்டாலும் அவரில் பிழை சொல்லமாட்டேன்.

அன்றைக்கு நில்லாமல் போன
உங்கள் தங்கச்சி,
பிலோ