எந்த டஃப்தார், தம்பி?

பாலோ,
வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி பிரெட்ரிக்குக்கு அக்கா ஐலீன் எழுதுவது.

ஆண்டவர் அருளால் இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் கொதிக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து உனக்குப் போன் அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். வாட்ஸ்ஆப்பில் நீலக்குறி விழுகிறது, பதில் வரவில்லை. அதனால் தாளில் எழுதி, நீ இருக்கும் ஜே.பி. டவுனுக்கு லோரி எடுத்துப் போகும் உன் மச்சான் லூயிஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு முட்டிவலி, நாற்காலி போட்டுக் கொடு.

போன மாதம் நீ வந்து என்ன சொன்னாய்? "அக்கா, பதினெட்டு வயசு ஆன பிள்ளைங்க ஓட்டுக்குப் பேரு பதியாம, டஃப்தார் பண்ணாமலே சுத்துறாங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சர்ச் ஹாலுக்குக் கூட்டிட்டு வா, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றாய். டஃப்தார் என்று காதில் விழுந்தாலே நம் வீட்டில் எழுந்து நிற்போம், அது உனக்கே தெரியும். இங்கேயே பிறந்து, இங்கேயே ரப்பர் பால் மரம் சீவி, பாதி ஆயுள் குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐ.சி. அட்டையோடு அலைந்தவர் நம் அப்பா. குடியுரிமை கிடைத்து நீல ஐ.சி. கைக்கு வந்த வாரமே போஸ்டாபீசுக்கு ஓடிப்போய் ஓட்டுக்கு டஃப்தார் பண்ணினார். ஆயுளில் ஒரே தடவை ஓட்டுப் போட்டார். விரல் மை போய்விடுமே என்று இடது கையில் தண்ணீர் படாமல் ஒரு வாரம் குளித்தார். நீ சிரித்தாய், அம்மா திட்டினார்.

அந்த நினைப்பில்தான் வீடு வீடாகப் போனேன். கோயில் பிள்ளைகள், சர்ச் பிள்ளைகள் என்று பார்க்காமல் எல்லாரையும் கூப்பிட்டேன். கறிபாப் பொரித்தேன், தேத்தண்ணீர் கலக்கினேன். என் மகள் ஷர்மைன் மட்டும் சிங்கப்பூரில் வேலை என்று வரவில்லை. தப்பித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நீ மைக்கைப் பிடித்து அப்பாவின் சிவப்பு ஐ.சி. கதையைச் சொன்னாய். அந்தக் குளித்த கதையையும் சொன்னாய். நான் பின்வரிசையில் அழுதேன். "அக்கா, மொதல்ல நீ குடு, அட்ரஸ் செக் பண்றோம்னு சொல்லு, பிள்ளைங்க பயப்பட மாட்டாங்க" என்றாய். கொடுத்தேன். உன் போனில் நீ காட்டிய இடத்தில் விரலால் கையெழுத்தும் போட்டேன். என்னைப் பார்த்துப் பிள்ளைகளும் ஐ.சி.யை எடுத்து நீட்டினார்கள். உன்னை நம்பாமல் யாரை நம்புவேன்?

திங்கட்கிழமை பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவின் மகள் தேன்மொழி போனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "ஆண்டி, நான் எப்போ கட்சியில சேந்தேன்? மெம்பர்னு மெசேஜ் வந்துருக்கு. கிளைத் தலைவர் தேர்தலுக்கு வந்து உங்க தம்பிக்கு ஓட்டுப் போடணுமாம்" என்றாள். ஏதோ தவறு நடந்திருக்கும் என்று உனக்காகப் பேசினேன். அவள் போனில் தட்டிக் காட்டினாள். பதினெட்டு ஆனதும் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுமாம், சட்டம் மாறிச் சில வருடம் ஆகிறதாம். அவள் பெயர் அதில் முன்பே இருந்தது. எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அதுதான் தம்பி என்னைச் சுடுகிறது.

மறுநாள் உங்கள் கிளைச் செயலாளர் ஜெயபாலன் எனக்கு நன்றி சொல்லக் கட்சி டி-சட்டையோடு வந்தார். "ஒங்க தம்பி மூளையே மூளை லா. கட்சின்னு போனா கதவச் சாத்துவாங்க, ஓட்டு டஃப்தார்னு சொன்னா அக்காமாருங்களே புடிச்சிட்டு வருவாங்கன்னு மீட்டிங்ல சொன்னாரு. இப்ப எல்லாக் கிளையிலயும் இதே பிளான்தான்" என்று பெருமையாகச் சொன்னார். இதற்கு இளையோர் உத்தி என்று பெயராம். டி-சட்டையை அவர் மோட்டார் சைக்கிள் கூடையிலேயே திருப்பிப் போட்டேன்.

கட்சியில் இருப்பது குற்றம் இல்லை. நேராகக் கேட்டிருந்தால் பாதிப் பேர் சேர்ந்தே இருப்பார்கள், நானே சொல்லிச் சேர்த்திருப்பேன். நீ கிளைத் தலைவராக வேண்டும் என்று அப்பாவை அல்லவா தூண்டிலில் மாட்டினாய்!

வெள்ளையம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தேன்மொழி சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. "இனிமே எந்தத் தேர்தல் வந்தாலும் நான் போக மாட்டேன் ஆண்டி. என் பேரையே கேக்காம எடுத்துக்கிட்டாங்க, ஓட்ட மட்டும் விட்டு வைப்பாங்களா?" என்கிறாள். ஓட்டுப் போடத் தயாராக இருந்த பெண், தம்பி. அப்பா பாதி ஆயுள் காத்திருந்தது இவளுக்குச் சும்மா கிடைத்தது. அதை உன் உத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கெடுத்துவிட்டது.

நாளை மறுநாள் பூசை முடிந்ததும் அதே ஹாலுக்கு வா. அந்தப் பிள்ளைகளை நான் மறுபடியும் கூட்டி வருகிறேன். கூப்பிட்டால் வருவார்களோ என்னவோ, தேன்மொழியின் காலில் விழுந்தாவது அழைத்து வருவேன். நீ செய்ததை உன் வாயால் சொல். யார் யார் பெயரை நீக்கச் சொல்கிறார்களோ அவர்கள் முன்னாலேயே நீக்கு.

வராவிட்டால் ஒன்று சொல்லி வைக்கிறேன். உன் புண்ணியத்தில் நானும் இப்போது உறுப்பினர். எனக்கும் அந்த மெசேஜ் வந்தது. கிளைக் கூட்டத்துக்கு வருவேன், கையைத் தூக்குவேன், நீ மைக்கில் சொல்லாமல் விட்ட மீதிக் கதையை நான் சொல்வேன்.

ஆனால் நீ வருவாய். வருவாய் என்றுதான் கோழி வாங்கி வைத்திருக்கிறேன். வாசலில் கார் சத்தம் கேட்டால் போதும், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அன்றைக்கு ஓட்டுச் சாவடி வரை அப்பா பிடித்துக்கொண்டு போனது உன் கையைத்தான். ஆண்டவர் அந்தக் கையைக் காப்பாராக.

உன் அக்கா,
ஐலீன்