கை இறுக்கம்

சேசு மரி சூசை துணை

பிலாய்
3-2-1961

பிரியமுள்ள ஆனந்தமேரிக்கு,

பாக்கியராஜ் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கே சுகம். அகரத்தில் நீயும் என் அம்மாவும் சுகமென நம்புகிறேன்.

'கை இறுக்கமாக இருக்கிறது' என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். அதற்கென்ன, மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். டீச்சர் சம்பளம் வாங்கியும் பணமுடை என்றால், எல்லாவற்றையும் பூவாகவே வாங்கித் தீர்த்திருப்பாய். அதிருக்கட்டும், கடிதத்தை யார் எழுதியது? உன் வகுப்புப் பிள்ளையைப் பிடித்து எழுத வைத்தாயா? எழுத்து எட்டுத் திசைக்கும் ஓடுகிறது. அடுத்தது உன் கைப்பட வரவேண்டும்.

உன்,
பாக்கியராஜ்

அகரம்
12-2-1961

அன்புள்ள அத்தானுக்கு,

மேரி வணக்கமுடன் எழுதியது. மணியார்டர் வந்தது. கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். நான் சொன்னது பணத்தை அல்ல, கையைத்தான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, வலது முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். விரல்கள் மரத்து நீலம் பாரித்தன. இறுகக் கட்டினால்தான் எலும்பு கூடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எலும்பு கூடிவிட்டது, சதை சுருங்கிவிட்டது. திண்டுக்கல் டாக்டர் பார்த்துவிட்டு, இனி முழுதாக நீளாது என்றார். மணிக்கட்டை மடக்கினால் விரல்கள் கொஞ்சம் விரிகின்றன, நிமிர்த்தினால் மூடிக்கொள்கின்றன. நீங்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவீர்கள் என்றுதான் சொல்லவில்லை.

கடிதம் என் கைப்படத்தான் எழுதினேன், இடது கையால்.

ஈஸ்டர் கழிந்ததும் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் முன்னால் கரும்பலகையில் எழுதிக் காட்டினால்தான் வேலை நிலைக்கும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்கள். காட்டிவிடுவேன்.

மேரி

பிலாய்
20-2-1961

மேரிக்கு,

எனக்குச் சோறு இறங்கவில்லை. கை இப்படியிருக்க வேலை எதற்கு? ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அம்மாவோடு இங்கே வந்துவிடு. உன்னை உட்காரவைத்துச் சோறு போட எனக்குத் தெம்பிருக்கிறது. இன்ஸ்பெக்டர் முன்னால் நீ கோணல் எழுத்து எழுதித் தலைகுனிந்து நிற்பதை நினைக்கவே முடியவில்லை. இதுதான் என் முடிவு.

பாக்கியராஜ்

அகரம்
1-3-1961

அத்தானுக்கு,

உங்கள் முடிவைப் படித்தேன். என் முடிவையும் கேளுங்கள்.

போன வாரம் என் வகுப்பில் படிக்கும் சூசையின் தாயார் வந்தார். "இடக்கையால எழுத்துச் சொல்லிக்குடுத்தா பிள்ளைக்கு வெளங்குமா டீச்சர்?" என்றார். "எந்தக் கை எழுதுனாலும் 'ஆனா' ஆனாதான தாயி" என்றேன். மறுநாளும் பையனை அனுப்பிவைத்தார்.

பள்ளி விட்டதும் பலகையில் எழுதிப் பழகுகிறேன். கோடு நேராக விழுகிறது. 'இ' மட்டும் இன்னும் சண்டை பிடிக்கிறது. வலது கையும் சும்மா இல்லை. குடையை அதில் மாட்டிக்கொண்டால் எந்தக் காற்றுக்கும் நழுவாது, உங்களிடம்கூட அப்படியொரு கொக்கி கிடையாது.

உட்காரவைத்துச் சோறு போடுகிறேன் என்றது அன்பினால்தான், தெரியும். ஆனாலும் சுட்டது. என் கையைக் கட்டினவர்களும் அன்பாகத்தான் இறுக்கினார்கள். அந்தக் கட்டைப் பொறுத்துக்கொண்டு கையைக் கெடுத்துக்கொண்டேன். இந்தக் கட்டைப் பொறுக்க மாட்டேன். இன்னொரு தடவை ராஜினாமா என்று எழுதினால் என்னிடமிருந்து பதில் வராது.

அத்தை சுகம். உங்களை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார்கள்.

ஆனந்தமேரி

பிலாய்
14-3-1961

என் மேரிக்கு,

எழுத்து எட்டுத் திசைக்கும் ஓடுகிறதென்று சிரிக்காதே. இது என் இடது கை. உன் பெயரை எழுதுவதற்குள் காகிதம் கிழிந்துவிட்டது. கூட இருக்கும் பொம்மையன், எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்க்கிறான்.

ஈஸ்டருக்கு லீவு கேட்டிருக்கிறேன். இன்ஸ்பெக்டர் வரும் அன்று பள்ளிக்கூட வாசலோடு நின்றுகொள்கிறேன், உள்ளே வரமாட்டேன்.

நான் போட்ட கட்டை அவிழ்த்துவிட்டேன். எனக்கும் 'இ' வரவில்லை. அதை எங்கே தொடங்குவது என்று மட்டும் எழுது, டீச்சர்.

பாக்கியராஜ்