மண்டிக்காரர் வீட்டுச் சமையற்கட்டு விளக்கு

பாய்,

செவ்வாய்க்கிழமை உங்கள் நீலத்தை மறுபடி பார்த்தேன். அதியமான்கோட்டை புளி மண்டிக்காரர் வீட்டுச் சமையற்கட்டில் அந்தக் காலத்தில் நாம் பொருத்திய தேக்குச் சுவிட்ச் பெட்டியைக் கழற்றினேன். பின்னால், சுண்ணாம்பு அடித்த சுவரில், ஒரு பெண்ணின் உள்ளங்கை. துணிக்குப் போடுகிற நீலம், நேற்று வைத்த மாதிரி இருந்தது. சுண்டுவிரல் மட்டும் பதியவில்லை. என் கை தானாகச் சிலுவை போட்டுக்கொண்டது. நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால், "சொவத்துக்கெல்லாமா கும்புடு போடுவ அருளு?" என்று கேட்டிருப்பீர்கள். உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன் பாய். இத்தனை வருஷமாக அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளில் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாம் இருவரும் சேர்ந்து கடை போட்டோம். நீங்கள் சுவிட்ச் பெட்டி செய்வீர்கள், நான் வயர் இழுப்பேன். பெயருக்குத்தான் பாய், நீங்க, வாங்க எல்லாம். என்னைவிட ஆறே மாதம் மூத்தவர். "எத்தன நாள்ல முடிப்பீங்க?" என்று கேட்டு வந்தவர்களை, "முடியறப்ப முடியுங்க" என்று சொல்லி அடுத்த கடைக்கு அனுப்பிவைத்த புண்ணியவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அரூரில் நாம் செய்த முதல் வீடு ஞாபகம் இருக்கிறதா? அளவெடுத்து, நூல் பிடித்து, வாசலை ஒட்டிச் சுவிட்சை வைத்தோம். பிறகு வந்த ஆசாரி கதவை அந்தப் பக்கமே திறக்கிற மாதிரி மாட்டிவிட்டார். சுவிட்ச் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. வீட்டுக்காரர் பரவாயில்லை என்றார். நீங்கள் விடவில்லை, மொத்தத்தையும் பிடுங்கினீர்கள். அன்றைக்குத்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. அந்த வீட்டம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையில் நீலத்தைத் தடவி, "இருட்டுல வர்ற மாதிரி நடந்து வாங்கம்மா, கை எங்க போகுதோ அங்க சொவத்துல வெய்யுங்க" என்றீர்கள். கை பதிந்த இடத்தில் பெட்டி ஏறியது. அதற்கப்புறம் ஒவ்வொரு வீட்டிலும் அதேதான். "வயரிங் பண்றீங்களா, ரேகை பாக்கறீங்களா?" என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். நாம் வைத்த சுவிட்சை எந்த வீட்டிலும் யாரும் தடவித் தேடியதில்லை.

இன்னொன்றும் உண்டு. டேப் சுற்றினால் நுனியை ஒரு கடுகளவு உள்ளே மடித்துவிடுவீர்கள். "அடுத்து பிரிக்கறவன் நகம் ஒடையக் கூடாதுப்பா." அந்த மடிப்பைத் தருமபுரி ஜில்லாவில் வேறு எவன் செய்தான்?

அப்புறம்தான் மண்டிக்காரரின் புது வீடு வந்தது. அவருடைய தம்பிகள் மூன்று பேரும் வீடு கட்டப்போகிறார்கள், இந்த வேலை பிடித்திருந்தால் அந்த மூன்றும் நமக்கு. கடையே அதை நம்பித்தான் நின்றது. அவர் வீட்டம்மா இடுப்பில் குழந்தையோடு, கண்ணை மூடிக்கொண்டு சமையற்கட்டுக்குள் நடந்து வந்து சுவரில் கை வைத்தார். சுண்டுவிரல் பதியாததைப் பார்த்து, "வெரல நல்லா அழுத்துங்கம்மா" என்றேன் நான், மடையன்.

"அது நிமிராதுங்க" என்றார். "பழைய வூட்டுல கஞ்சி வடிச்சிட்டு இருந்தப்ப அவரு லைட்ட அணைச்சுட்டாரு. அப்ப வெந்தது."

மண்டிக்காரருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒன்பது மணி அடித்தால் வீடு அடங்க வேண்டும். புது வீட்டில் அதற்கென்றே தலைமாட்டில் ஒரு பெட்டி கேட்டார், வீட்டு விளக்கு அத்தனைக்கும் அதில் ஒவ்வொரு சுவிட்ச். "அவங்கவங்க சுவிட்சு அங்கங்க இருந்துட்டுப் போவட்டும். ஆனா நான் தட்டுனா அணையணும்" என்றார்.

நீங்கள் திருப்புளியைக் கீழே வைத்தீர்கள். "மத்ததுக்கு வெச்சுத் தர்றேங்க. சமையக்கட்டுக்கு முடியாது."

"என் வூடுய்யா இது!"

"வூடு உங்களுதுதாங்க. அடுப்புகிட்ட நிக்கறது அவங்க. அவங்க கைக்கு மேல இன்னொரு கை வரக் கூடாது."

பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டீர்கள். ரோட்டில் வைத்து உங்களிடம் கத்தினேன். அவர் வீடு, அவர் சுவிட்ச், நமக்கு என்ன வந்தது, மூன்று வீடு போகிறதே என்றேன். "போவட்டும்" என்றீர்கள். எவ்வளவு சுலபமாகச் சொன்னீர்கள் பாய்! அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை, கேளுங்கள்.

மறுநாள் உங்களுக்குத் தெரியாமல் நான் போனேன். கேட்டபடியே செய்து தருகிறேன் என்று மண்டிக்காரரிடம் சொன்னேன். தலைமாட்டுப் பெட்டியில் மற்ற எல்லாவற்றையும் சரியாகக் கொடுத்தேன். சமையற்கட்டு சுவிட்சுக்கு வந்தபோது அந்த நீலக் கை கண்ணுக்குள் நின்றது. என்னால் முடியவில்லை. லைனை அவர் பெட்டிக்குக் கொண்டுபோகாமல் சமையற்கட்டிலேயே முடித்துவிட்டேன். தலைமாட்டில் அந்த ஒன்று வெறும் பொம்மை. தட்டினால் 'டக்' என்று சத்தம் வரும், அவ்வளவுதான். இழுத்து வைத்திருந்த வயரை டேப்கூடச் சுற்றாமல் உள்ளே திணித்து மூடினேன். அந்த அம்மாவிடம் போய், "சத்தம் கேட்டதும் நீங்களே அணைச்சிடுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருகிட்டயும் சொல்லிறாதீங்க" என்றார்.

மண்டிக்காரர் கட்டிலில் உட்கார்ந்து தட்டினார். "அணைஞ்சுதா?" என்று குரல் கொடுத்தார்.

"அணைஞ்சுதுங்க" என்றது சமையற்கட்டு.

எழுந்து போய்ப் பார்த்தார். அணைந்திருந்தது. எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "பாய் முடியாதுன்னான், நீ முடிச்சுட்டியே" என்று தோளில் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

நான் பணிந்து போய்விட்டேன் என்று நினைத்து ஒரு மாதம் நீங்கள் கடைக்கு வரவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதோடு, ஒரு திருகாணி சாய்ந்திருந்தாலே தூங்காத மனுஷனிடம், நம் கடைப் பெயரில் ஒரு பொய் சுவிட்ச் வைத்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? பிறகு ஒரு நாள் காலையில் இரண்டு கிளாஸ் டீயோடு வந்து உட்கார்ந்தீர்கள். "இனிமே எதச் செஞ்சாலும் முழுசா செய்யி அருளு" என்றீர்கள். திட்டுகிறீர்கள் என்று நினைத்து டீயைக் குடித்தேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மண்டிக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று இடுப்பில் இருந்த குழந்தைக்குப் பெங்களூரில் வேலை. வீட்டு விளக்கு எல்லாவற்றையும் போனில் அடக்கித் தரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தான். அதற்காகத் தலைமாட்டுப் பெட்டியைத் திறந்தேன். நான் திணித்துவிட்டுப் போன வயர் அப்படி இல்லை பாய். நேராக வெட்டி, தனித்தனியாக டேப் சுற்றி, அழகாக வளைத்து வைத்திருந்தது. டேப் காய்ந்து மொறமொறவென்று ஆகியும், நுனியில் கடுகளவு மடிப்பு அப்படியே இருந்தது. கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மாவைக் கேட்டேன். இப்போது பல்லில்லாத வாயால் சிரிக்கிறார். "நீங்க போய் ஒரு மாசம் இருக்குங்க. அவரு மண்டிக்குப் போயிருந்தப்ப பாய் வந்தாரு. பொட்டியத் தொறந்து பாத்துட்டுத் தனியா சிரிச்சாரு. என்னமோ சுத்திட்டு, மூடிட்டுப் போயிட்டாரு. அருளுகிட்ட சொல்லாதீங்கன்னாரு."

அடப்பாவி பாய்! உங்களுக்கு அப்போதே தெரியுமா? என் பொய்யைக்கூட ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் டீ வாங்கி வந்தீர்களா? அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

அதற்குள் பையன் வந்து நின்றான். "அங்கிள், எல்லா லைட்டும் போன்ல வந்துடணும். நான் அங்கிருந்தே ஆஃப் பண்ணணும். அம்மா மறந்து மறந்து எரிய விட்டுடறாங்க."

"எல்லாம் வரும் தம்பி. சமையக்கட்டு வராது."

"ஏன், டெக்னிக்கலா முடியாதா?"

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் என்றால், முடியும் என்று தலையாட்டிவிட்டு இன்னொரு பொம்மையை வைத்திருப்பேன். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். "முடியும். செய்ய மாட்டேன். வேணும்னா வேற ஆளக் கூப்புட்டுக்கங்க" என்றேன். திருப்புளியைக் கீழே வைத்தேன், நீங்கள் வைத்த மாதிரியே.

அவன் அம்மாவைப் பார்த்தான். அவர் சமையற்கட்டுக்குப் போய், விரல் நிமிராத அந்தக் கையால் சுவரில் நீலம் இருந்த இடத்தைத் தொட்டுக்காட்டினார். "இங்கதான் வேணும்" என்றார்.

புது சுவிட்சை அங்கேயே வைத்தேன். உள்ளே டேப்பின் நுனியை மடித்துவிட்டுத்தான் மூடினேன்.

உங்கள்
அருளு