சாதுத் தண்ணி

மச்சான்,

நீ கண்மூடிய பிறகு உன் உடுப்புகளை ஒதுக்கிய உன் மனைவி நேற்று ஒரு மருந்துக் குழாயைக் கொண்டுவந்து தந்தாள். "அவரு அலுமாரியில சட்டைக்கு அடியில இருந்துச்சுண்ணே. உங்க விரலுக்கு வாங்கினதோ என்னவோ." கல்சியம் ஜெல். அடியிலிருந்து ஒழுங்காகச் சுருட்டி, பாதி பிதுக்கியிருந்தாய்.

பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தைக் கோட்டை விட்டவன் நான். ஆனாலும் அந்த மருந்தை எனக்குத் தெரியும்.

குளியலறை கழுவும் நம் தொழிலில் இரண்டு கேன்கள். திறந்ததும் புகைந்து, பட்டால் எரிவதற்கு 'முரடு' என்று பெயர் வைத்தோம். துருப்பிடித்த கறள் கறையை எடுப்பது பட்டாலும் எரியாது; அது 'சாது'. "சாதுத் தண்ணிக்கு என்னடா பயம்?" என்பாய். நீ மட்டும் முழங்கைவரை தடித்த ரப்பர் உறை போடுவாய். "எனக்குத் தோல்ல கரப்பான் மச்சான்." ராணியம்மா கை என்று கேலி செய்தேன். நீயும் சிரித்தாய்.

அம்பிட்டியவில் அந்தத் தங்குமிடத்தைக் கழுவிய அன்று என் மெல்லிய உறையின் விரல்நுனியில் ஓட்டை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னேரம் பஸ்ஸில்தான் நகத்துக்குள் ஆணி அடிப்பதுபோல் வலித்தது. பார்த்தால் சின்ன வெள்ளைத் தடிப்பு, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் டொக்டர் என்ன பட்டதென்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் நீ சொன்னாய்: "சவர்க்காரத் தண்ணி டொக்டர்." படித்தவன்போலச் சொன்னாய், நானும் தலையாட்டினேன்.

மறுநாள் விரல் கறுத்தது. டொக்டர் என்னைத் தனியே கேட்டார். கறள் எடுக்கிற தண்ணி என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலமாம்; சொல்லவே எனக்கு நாக்குச் சுளுக்கும். "அது மேல எரியாது. தோலுக்குள்ள இறங்கி எலும்புல உள்ள கல்சியத்தைப் பிடிக்கும். கூடப் பட்டா இதயமே நின்னுரும். உடனே நல்லாக் கழுவி, கல்சியம் ஜெல்லைப் பூசிக்கிட்டு ஓடி வந்திருக்கணும்."

நுனி போனது. இப்போது போனில் தட்டினால் ஒரே நேரத்தில் மூன்று எழுத்து விழும். மகள் என் செய்தியைப் படிக்கத் தனி அகராதி வேண்டும் என்கிறாள்.

கட்டிலருகே கதிரையில் இருந்து நீ அழுதாய். "சத்தியமா எனக்குத் தெரியாதுடா." நான் மடையன், கட்டுப்போட்ட கையால் உன் முதுகைத் தடவி, அழாதே என்றேன்.

எனக்கு நடந்த பிறகுதான் அதை வாங்கினாய் என்று நினைத்துப் பார்த்தேன். அப்படியென்றால் யாருக்குப் பூசினாய்? அதற்குப் பிறகு நாம் அந்தக் கேனைத் தொடவே இல்லையே. எனக்கு நடந்ததற்கு முந்திய மாதம் உன் பெருவிரலில்தான் கட்டு இருந்தது. "கதவுல நசுங்கிச்சு" என்றாய். அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் நான் வேலையை விட்டுப் போயிருப்பேன் என்று பயந்தாயா? தடித்த உறை ஒன்று கேட்டிருப்பேன், அவ்வளவுதான்.

இன்று உன் மகன் வந்தான். தொழிலை அவன் எடுத்து நடத்தப்போகிறானாம். "மாமா, பின்னால ஒரு கேன் கெடக்கு, 'சாது'ன்னு அப்பா எழுதியிருக்காரு. பாவிக்கலாமா?"

விரலைக் காட்டி எல்லாம் சொன்னேன். அவன் வெளிறிப்போனான். என் விரலைப் பார்த்தபடியே கேட்டான்: "அப்பாவுக்குத் தெரியுமா மாமா, இது இப்படின்னு?"

"தெரியாதுடா. தெரிஞ்சிருந்தா எனக்குச் சொல்லாம இருப்பானா?"

அவன் நம்பிவிட்டான். நேற்றுவரை நானும் அதைத்தான் நம்பியிருந்தேன்.